மூன்றாவது கியரில் நின்றுபோன வண்டி

தம்பியின் வண்டி அந்தச் சுற்றில் திரும்பி வரவில்லை. முன்னால் போன இரண்டு வண்டிகளும் நான் நின்ற இடத்தைக் கடந்து போய்விட்டன. பந்தயத் தடத்தின் அந்தக் கோடியில் ஆபத்தைக் காட்டும் மஞ்சள் கொடி ஆடுவது தெரிந்ததும் நான் ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்து ஓடினேன்.

வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேகமாக எடுக்கும்போது இன்ஜின் அடைத்து, வளைவின் நடுவிலேயே நின்றிருக்கிறது. பின்னால் வந்தவர் புல்லில் இறங்கித் தப்பியிருக்கிறார். தம்பி ஹெல்மெட்டைக் கழற்றியபோது உதடு வெளுத்திருந்தது.

"ஃபுல்லா அமுக்கிகினு கீறேன்க்கா. தொண்டைய புடிச்சா மாதிரி அப்டியே வுட்டுச்சு."

அது இருபது வயது தாண்டிய சின்னக் கார். பின்சீட்டை எடுத்துவிட்டு, இரும்புக் கூண்டு போட்டு, பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகவே திருவொற்றியூர் வீட்டில் வைத்திருக்கிறோம். ஓட்டுவது அவன், ரிப்பேர் பார்ப்பது நான். கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் பராமரிப்பு என் வேலை என்பதால் ஸ்பேனர் பிடிப்பது எனக்குப் புதிதல்ல. வயரிங் மட்டும் தம்பியின் தோஸ்து ஒருவன் செய்து கொடுத்தான். காசிமேட்டுக்காரன், துறைமுகத்தில் கிரேன்களுக்கு மின்வேலை பார்க்கிறவன். அந்த மாதம்தான் டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்புக்குப் புதிதாக வயர் இழுத்திருந்தான்.

தடத்தை விட்டு வெளியே வருவதற்குள் தம்பி முடிவு கட்டிவிட்டான். நண்பர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் குரல் செய்தி போட்டான்: "ஒன் வயரிங்கால இன்னிக்கி நான் செத்துருப்பேன்டா!" நான் பக்கத்தில்தான் இருந்தேன். தடுக்கவில்லை.

உடனே போன் வந்தது. "நான் போட்ட வயர்ல கொறை கீதுன்னா காட்டு. காட்டாம ஊரக் கூட்டிப் பேசாத," என்று சொல்லி வைத்துவிட்டான் அந்தத் தோஸ்து. குழுவிலிருந்தும் வெளியேறினான்.

அன்று மாலையே பம்புக்குப் போகும் மின்சாரத்தை அளந்தேன். பேட்டரியில் இருப்பது முழுசாக வந்துகொண்டிருந்தது. தம்பியிடம் சொன்னேன். "நிக்கசொல்ல கரண்டு வரும், ஓடசொல்ல வராது," என்றான். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்ததில் நன்றாகவே இருந்தது. எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது மறுபடி திணறியது.

இன்ஜின் அதிகமாகப் பெட்ரோல் கேட்கும் நேரத்தில்தான் அது போதாமல் போகிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். பெட்ரோல் லைனில் ஒரு அழுத்தமானியை மாட்டி, நீளமான குழாயால் பானெட்டுக்கு வெளியே கொண்டுவந்து, முன்கண்ணாடியின் மேல் டேப் போட்டு ஒட்டினேன். ஞாயிறு விடிந்ததும் எண்ணூர் சாலைக்குப் போனோம். ஒரு பக்கம் துறைமுக கேட் திறப்பதற்காக டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. எங்கள் பக்கம் காலியாக இருந்தது.

"இப்போ அமுக்கு," என்றேன்.

மூன்றாவது கியரில் வண்டி பாய்ந்தது. நான் முள்ளைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டே வந்தேன். "மூணு... மூணு... மூணு..." சாலையைப் பார்க்கவே இல்லை. "ரெண்டரை. ரெண்டு. டேய், எறங்குதுடா!"

சொல்லி முடிப்பதற்குள் இன்ஜின் இருமி அடங்கியது. பின்னால் ஹாரன் அலறியது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி முழுக்க ஒரு டிரெய்லரின் முகம். தம்பி ஓரம் கட்டப் பார்த்தான், இன்ஜின் நின்றதால் ஸ்டியரிங் கல்லாக இருந்தது. காற்று பிரேக் சீறுகிற சத்தம் என் முதுகுக்குள் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு முழம் தள்ளி நின்றது அது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னா நைனா, சாவறதுக்கு வேற எடமே கெடைக்கலியா?"

இருவருமாக வண்டியைத் தள்ளி ஓரத்தில் நிறுத்தினோம். சாவி இன்னும் திருப்பியபடியே இருந்தது. "பாத்தியா, கரண்டு கட்டாவுது," என்று தம்பி மூச்சு வாங்கினான். ஆனால் இன்ஜின் திணறும்போதும் பின்னால் பம்ப் ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்ததை நான் கேட்டிருந்தேன். மின்சாரம் போயிருந்தால் அந்தச் சத்தமும் போயிருக்க வேண்டும். சாவியை அணைக்கச் சொன்னேன். முள் அந்த நொடியே பூஜ்யத்தில் விழுந்தது. நல்ல லைனாக இருந்தால் அழுத்தம் கொஞ்ச நேரமாவது நிற்கும். எங்கோ ஒழுகுகிறது. குனிந்து பார்த்தேன், வண்டிக்கடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. அப்படியென்றால் ஒழுகுவது டேங்குக்குள்ளேதான்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் பழைய பம்ப் போனபோது டேங்கைத் திறந்து புதியதை மாட்டியது நான். பம்பிலிருந்து மேலே போகும் விரல் நீளக் குழாய் வெடித்திருந்தது. அவசரத்தில், கையிலிருந்த பெட்ரோல் குழாயில் ஒரு துண்டை வெட்டிப் போட்டேன். அது வெளியே ஓடுகிற லைனுக்கானது. பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடப்பதற்கானது வேறு. அது எனக்குத் தெரியும். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, மறந்தும் போனேன்.

மெதுவாக ஓட்டினால் வண்டி திணறவில்லை; அப்படியே வீடு வந்து சேர்ந்தோம்.

தம்பி இட்லி வாங்கப் போனான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின்னால் இருந்த டேங்க் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தது. அதே நேரம் பக்கத்து வீட்டு கேட்டில் வெல்டிங் பொறி பறந்தது. "அண்ணா, நிறுத்துங்க! டேங்கு தொறந்து கீது!" என்று கத்தினேன். அவர் முகமூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெஷினை அணைத்தார்.

பம்பை வெளியே எடுத்தேன். குழாய் ஊறிப் பருத்து, அழுத்தினால் மாவு போல் உள்ளே போனது. கிளாம்ப் அருகே ஒரு நீளக் கீறல். இன்ஜின் கொஞ்சமாகக் குடிக்கும்போது மிச்சப் பெட்ரோல் போதுமானதாக இருந்திருக்கிறது. முழுசாகக் கேட்கும்போது பாதி திரும்ப டேங்கிலேயே கொட்டியிருக்கிறது.

தம்பி வருவதற்குப் பத்து நிமிடமாவது ஆகும். குழாயைச் சாக்கடையில் வீசிவிட்டு, பம்பில்தான் கோளாறு என்று சொல்லிவிடலாம். அவன் நம்புவான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதையேதான் யோசித்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றேன்.

"இதாண்டா. நான் போட்ட டியூபு. வயரிங் இல்ல."

வாங்கிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "நீ போட்டதா?"

"நான்தான். அவன திட்டின மாதிரி என்னயும் திட்டு."

"திட்டினா செரியாப் பூடுமா?" என்று படியில் உட்கார்ந்தான். இட்லிப் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடந்தது.

அன்று மதியமே காசிமேட்டுக்குப் போனோம். தோஸ்து எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று, குழாயை விரலால் அமுக்கிப் பார்த்தான். தம்பி நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டான். குழுவிலும் கேட்பதாகச் சொன்னான். தோஸ்து தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"நீ அன்னிக்கே கரண்ட அளந்தியாமே?"

"ஆமா."

"கரீட்டா கீதுன்னு தெரிஞ்சிதுல்ல? எனுக்கு ஒரு போன் போட்டு சொல்லிருக்கலாம்லக்கா?"

குழாயை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

சரியான குழாய் வருவதற்கு நான்கு நாள் ஆயிற்று. அடுத்த முறை தடத்தில் வண்டி ஒரு சுற்றுகூடத் திணறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவிலிருந்து அது வெளியே வருகிறவரை நான் ஸ்டாப்வாட்சைப் பார்க்கவே இல்லை. தோஸ்தும் வந்திருந்தான். தம்பியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். என்னிடமோ, நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். இன்றைக்கும் அப்படித்தான்.