மெட்டில்டா அக்காவின் பிடியரிசி டப்பா

எங்க அக்கா மெட்டில்டாவைக் கம்யூனிஸ்ட்டுன்னு சொன்னவங்க வாயில மண்ணு விழ. இப்படிச் சாபம் விட்டா அக்கா என்னைத்தான் திட்டுவா. திட்டட்டும். அவளுக்குக் கோபம் வராது, அவளுக்கும் சேர்த்து எனக்கு வருது. நான் யூனிஸ், அவளோட தங்கச்சி. குரோம்பேட்டையில ஒரு கம்பெனியில டைப்பிஸ்ட். நான் கல்யாணம் கட்டிக்கலை. அத்தான் தவறினதுலேருந்து அக்காவோடதான் தாம்பரத்துல குடியிருந்தேன்.

அத்தான் ரயில்வேயில கார்டு, கொடி காட்டி வண்டியை விடுறவர். அறுபத்தொண்ணுல ஒரு காய்ச்சல், ஆளைக் கொண்டு போயிடுச்சு. குழந்தை குட்டி கிடையாது. அக்கா அடுப்படி மூலையில போய் உட்கார்ந்தவதான், எழுந்திருக்கவே இல்லை. தலை வாரமாட்டா, பேசமாட்டா. கொண்டு போய்ச் சோத்தை வெச்சா ஆறி அவலாப் போகும். எங்க பாஸ்டர் ஐயா வந்து பார்த்துட்டு, "மெட்டில்டா, சபைக்குப் பிடியரிசி வாங்க ஆள் இல்லைம்மா, நீ போறியா?"ன்னு கேட்டாரு.

பிடியரிசின்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்க சபையில பொம்பளைங்க உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து, ஒரு சின்னப் பானையில தனியா போட்டு வெப்பாங்க. ஆண்டவருக்குன்னு. மாசம் பூரா ஒருத்தி நாளுக்கு ஒரு தெருவா வீடு வீடா போய் அதை வாங்கிட்டு வந்து கோயில் ஸ்டோர்ல சேர்ப்பா. அது ஏழைங்களுக்குப் போகும். ஒரு பிடி குறைஞ்சதுன்னு எந்த வீட்டுலயும் யாரும் பட்டினி கிடந்ததில்லை.

அக்கா எழுந்தா. ஒரு பெரிய பிஸ்கட் டப்பா, அதுக்கு மூடி கிடையாது. அத்தானோட கார்டு கொடி வீட்டுல கிடந்துச்சு, பச்சை ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. ரயில்வேக்காரங்க வீட்டுல அந்தத் துணியிலதான் லாந்தர் துடைப்பாங்க, சட்டி இறக்குவாங்க. பச்சை நைஞ்சு போச்சு. சிவப்பை எடுத்து டப்பா வாயில கட்டிக்கிட்டுக் கிளம்பினா. செம்பாக்கம் ஏரிப் பக்கம் வரைக்கும் நடப்பா. ஒரு வீட்டுல காபி, ஒரு வீட்டுல மாமியார் கதை, ஒரு வீட்டுல பொண்ணுக்கு வரன். போறப்போ பேசாத ஜீவன், வரும்போது என் தலை வலிக்கிற வரைக்கும் பேசுவா. அந்த டப்பாதான் அவளை மூலையிலேருந்து எழுப்பிச்சு. அது கையை விட்டுப் போனா மறுபடியும் அந்த மூலைதான். எனக்கு அந்தப் பயம் எப்பவும் உண்டு.

எழுபத்துநாலு மே மாசம் ரயில்வே ஸ்ட்ரைக் வந்துச்சு. நாடு பூரா ரயில் நின்னுச்சு, சம்பளமும் நின்னுச்சு. ரயில்வே குவார்ட்டர்ஸ் லைன்ல பாதி ஆம்பளைங்க ஜெயில்ல, மீதிப் பேர் தலைமறைவு. எங்க சபை தனசிங்கும் ஸ்ட்ரைக்ல இருந்தான். அக்கா பிடியரிசி வாங்கிட்டு அந்த லைன் வழியா வந்திருக்கா. தனசிங் பொண்டாட்டி ஜீவரத்தினம் வெறும் வெந்நீர்ல உப்பைப் போட்டுப் பிள்ளைங்களுக்கு ஆத்திக்கிட்டு இருந்தாளாம். அக்கா டப்பாவை அங்கேயே இறக்கி வெச்சுட்டா. ஜீவரத்தினத்துக்கு அளந்து போட்டா. பக்கத்து வீட்டு ஜஹானாரா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா, அவளுக்கும் போட்டா. அதுக்கடுத்து யூனியன்காரர் குப்புராஜ் வீடு. அங்கயும் போட்டா. வீட்டுக்கு வந்தப்போ டப்பா காலி.

"ஸ்டோர்ல சேர்த்துட்டுக் கேட்டு வாங்கியிருக்கலாமேக்கா"ன்னேன்.

"கேட்டு, கமிட்டி கூடி, அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் புள்ளைங்க வெந்நீரா குடிக்கும்?"ன்னா. மறுநாளும் பிடியரிசி வாங்கிட்டு நேரா லைனுக்கே போனா.

ரத்தினபாய்னு ஒரு புண்ணியவதி எங்க சபையில. அவங்க வீட்டு கேட்லேருந்து பார்த்தா லைன் தெரியும். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெளிய வர்றோம், "மெட்டில்டா செங்கொடியைப் பிடிச்சுக்கிட்டு ஸ்ட்ரைக்காரங்க வீட்டுக்குப் போறா"ன்னு பேச்சு. இத்தனை வருஷமா அதே துணியைத் தன் கையால அவுத்து அரிசி போட்டவதான் அந்த ரத்தினபாய்! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"கம்யூனிஸம்னா எல்லாம் பொதுவாம் யூனிஸ். வீடு வாசல் மட்டுமில்லையாம், புருஷன் பொண்டாட்டிகூடப் பொதுவாம்"னு அந்தம்மாவே என்கிட்ட வந்து ரகசியம் பேசுறாங்க.

"உங்க வீட்டுக்காரரைப் பொதுவுல வெச்சா யாருங்க எடுத்துக்குவா?"ன்னு கேட்டுட்டேன். அதுலேருந்து அவங்க என்கூடப் பேச்சில்லை. பெரிய நஷ்டம்!

கமிட்டி செகரெட்டரி வேதசிரோமணி சார், ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், அக்காவைக் கூப்பிட்டு வெச்சு வகுப்பே எடுத்தாரு. கம்யூனிஸ்ட்டுன்னா கடவுள் இல்லைங்கிறவன், ரஷ்யாவுல கோயிலை எல்லாம் பூட்டி உருளைக்கிழங்கு கொட்டி வெச்சிருக்கான்னு. சர்க்கார் சொல்ற சோஷலிசம் வேறயாம், அது நல்லதாம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் சார்னு நான் கேட்டேன். "டைப்பிஸ்ட்டுக்கு அதெல்லாம் புரியாது"ன்னாரு.

சரி, அந்தப் பக்கமாவது சொன்னாங்களா? ஜாமீன்ல வந்த குப்புராஜ், அக்கா டப்பாவோட போய் நின்னப்போ, "இன்னாம்மா இது? இது கம்யூனிஸம்னு யார் சொன்னது? இது பிச்சைம்மா. நாங்க கூலி கேட்டுகினு கீறோம், நீ சோத்தைப் போட்டு எங்க ஆளுங்கள கோயிலுக்கு இஸ்துகினு போவப் பாக்குறியா?"ன்னாரு. கூட நின்ன இன்னொருத்தர் வேற கட்சி. அதுவும் கம்யூனிஸ்ட் கட்சிதான், பத்து வருஷத்துக்கு முன்னால ரெண்டா உடைஞ்சதுல இன்னொரு பாதி. அவர், "நீ பேசறது மட்டும் கம்யூனிஸமா? நீ ரஷ்யாவுக்கு வால் பிடிக்கிறவன்"னு எகிற, இவர் அவரைச் சீனாக்காரன்னு ஏச, வாசல்ல ஒரே ரகளை. அக்கா டப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு நடுவுல நிக்கிறா. குப்புராஜ் சம்சாரம் பின்வாசல் வழியா வந்து முந்தானையை ஏந்தி அரிசியை வாங்கிட்டு உள்ள போயிட்டா.

அன்னிக்குச் சாயந்திரம் அக்கா கேட்டா, "நீ இங்கிலீஷ் படிச்சவ. கம்யூனிஸம்னா என்னடி?"

எனக்கு மட்டும் தெரியுமா? எங்க ஆபீஸ்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றான். அரிசிக் கடை பாட்சா பாயைக் கேட்டா, "க்யூவுல நிக்கிறதும்மா, அவ்வளவுதான்"னு சிரிப்பாரு. "யாருக்கும் தெரியலைக்கா, ஆனா எல்லாரும் சண்டை மட்டும் போடுறாங்க"ன்னேன்.

"என்னவோ போ. அதுக்குள்ள அரிசியை ஏன் இழுத்தாங்க?"ன்னு கேட்டா. 

மாசம் முடியறதுக்குள்ள ஸ்ட்ரைக் வாபஸ் ஆச்சு. எதுவும் கிடைக்கலை. வேலைக்குத் திரும்ப எடுப்பாங்களான்னு ஆம்பளைங்க நடையா நடந்தாங்க. தனசிங்குக்கு நல்லவன்னு சபையிலேருந்து ஒரு சர்ட்டிபிகேட் தேவைப்பட்டுச்சு. வேதசிரோமணி சார் கையெழுத்துப் போடணும். அந்த நேரம் பார்த்துக் கமிட்டியைக் கூட்டி அக்காவை விசாரிச்சாங்க.

தனசிங்கை எழுப்பி, "மெட்டில்டா உங்க வீட்டுல என்ன பேசினாங்க?"ன்னு கேட்டாரு சார். அவன் தரையைப் பார்த்துக்கிட்டே, "நாங்க கேக்கலைங்க சார். அவங்களா கொண்டாந்தாங்க. அரிசியைக் குடுத்து, வேலைக்குப் போகாதேன்னு சொன்னாங்க"ன்னான். சண்டாளன்! அந்த அரிசியைத் தின்ன வாய். நான் எழுந்து நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கப் போறேன், அக்கா என் புடவையைப் பிடிச்சு இழுத்து உட்கார வெச்சுட்டா. "புள்ளைக்காரன்டி, விடு"ன்னா.

"டப்பாவை வெச்சுட்டுப் போங்க"ன்னாரு சார். அக்கா முடிச்சை அவுத்துத் துணியை மட்டும் எடுத்துக்கிட்டா. "இது எங்க வீட்டுக்காரரோடது சார்"னு சொல்லிட்டு வந்துட்டா. இதை அந்தக் கமிட்டியில யாராவது முதல்லயே கேட்டிருக்கலாம். கேட்கத் தோணலை.

டப்பாவை ரத்தினபாய்கிட்ட குடுத்தாங்க. அவங்க ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் வெளியவே நின்னு வரி வசூல் பண்ற மாதிரி குரல் குடுத்தாங்க. நாலஞ்சு மாசத்துல வீடுங்கள்ல பிடி எடுக்கிறதையே விட்டுட்டாங்க. கோயில் ஸ்டோர்ல எலி ஓடிச்சு. அக்கா? அதே மூலைதான். வெளிய போனா கம்யூனிஸ்ட் போறான்னு புள்ளைங்க கத்தும், தனசிங் எதிர்ல வந்தா ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போயிடுவான். நான் ரயிலைப் பிடிச்சு வேலைக்குப் போயிட்டு வந்து பார்த்தா, காலையில உட்கார்ந்த இடத்துலயே இருப்பா. ஆனா எங்க ரெண்டு பேருக்கு உலை வெக்கும்போதும் ஒரு பிடி எடுத்துத் தனியா போட்டுக்கிட்டுத்தான் இருந்தா. வாங்க யாரும் வரமாட்டாங்க. வண்டு விழுந்ததும் கோழிக்குக் கொட்டுவா.

எழுபத்தாறு டிசம்பர். எமர்ஜென்சி நேரம், எங்க பார்த்தாலும் இருபது அம்சத் திட்டம். வேதசிரோமணி சார் அவரா எங்க வீட்டுக்கு வந்தாரு, முகமெல்லாம் பல்லு. "மெட்டில்டாம்மா, அரசியல் சட்டத்துலயே சோஷலிசம்னு சேர்க்கிறாங்க தெரியுமா? நம்ம சபை பதினஞ்சு வருஷமா அதைத்தானே பிடியரிசியா செஞ்சுக்கிட்டு வருது! கிறிஸ்மஸுக்கு முன்னால ஒரு விழா. சர்க்கார் ஆபீஸர் வர்றாரு. டப்பாவோட நீங்கதான் மேடையில நிக்கணும்."

ஐயோ, எனக்கு வந்த கோபத்துக்கு அந்தாளைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பேன். ஆனா அக்கா முகத்தைப் பார்த்தேன். ரெண்டு வருஷமா அந்த முகத்துல நான் பார்க்காத வெளிச்சம். "அப்போ நான் திரும்பவும் வீடு வீடா போகலாமா சார்?"ன்னா.

"முதல்ல விழாவுக்கு வாங்கம்மா. மத்ததைப் பேசிக்கலாம்"னாரு.

அக்கா தலைக்கு எண்ணெய் வெச்சா. அத்தானோட கொடித் துணியைத் துவைச்சு மடிச்சு எடுத்துக்கிட்டா. கோயில் வாசல்ல பந்தல், நாற்காலி, போட்டோ பிடிக்க ஒரு ஆள். டப்பா மேஜை மேல இருந்துச்சு, காலியா. போட்டோக்காரர், "காலியா இருந்தா நல்லா வராது சார், நிறைஞ்சு இருக்கணும்"னாரு. சார் சுத்திமுத்திப் பார்த்தாரு. மதில் கட்டக் கொட்டின மணல் ஒரு பக்கம் கிடந்துச்சு. அதை அள்ளி டப்பாவை முக்கால்வாசி நிரப்பச் சொன்னாரு. பாட்சா பாய் கடையிலேருந்து கொஞ்சம் அரிசி வாங்கிட்டு வந்து மேலாகக் கொட்டினாங்க. அக்கா துணியைக் கட்டப் போனா. "சிவப்பு வேண்டாம்மா"ன்னு ஒரு வெள்ளை டவலைப் போட்டாங்க.

எல்லாத்தையும் அக்கா பக்கத்துல நின்னே பார்த்தா. டப்பாவைத் தூக்கிக்கிட்டு நின்னா. மணல் கனம், இடுப்புல சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டா. போட்டோ எடுத்தாங்க. சார் சோஷலிசத்தைப் பத்திப் பேசினாரு, தனசிங்குகூட முன் வரிசையில உட்கார்ந்து கைதட்டினான். முடிஞ்சதும் அக்கா சார்கிட்ட போய், "அடுத்த மாசத்துலேருந்து போகட்டுமா சார்?"னு கேட்டா.

"இனிமே வீடு வீடா எதுக்கும்மா? எல்லாத்தையும் சர்க்கார் பார்த்துக்கும். அதுதானே சோஷலிசம்!" சொல்லிட்டு ஆபீஸரைக் கூட்டிக்கிட்டு டிபனுக்குப் போயிட்டாரு.

டப்பாவை யாரும் திருப்பிக் கேட்கலை. அக்கா அதை இடுப்புல வெச்சுக்கிட்டே வீட்டுக்கு நடந்தா. எந்த வீட்டு வாசல்லயும் நிக்கலை. வந்ததும் கட்டியிருந்த நல்ல புடவையைக்கூட மாத்தலை, முறத்துல கொட்டி அரிசியை மணல்லேருந்து பிரிக்க ஆரம்பிச்சா. புடைச்சுப் பார்த்தா, தண்ணியில அரிச்சுப் பார்த்தா, பொடி மணல் முழுசாப் போகலை.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாக்கா? தூக்கிக் கொட்டு அந்தச் சனியனை!"ன்னு கத்தினேன்.

"டப்பாவுல விழுந்துட்டா அது பிடியரிசிடி. கொட்டக்கூடாது"ன்னா. "ஆனா இப்படி மண்ணோட யாருக்குக் குடுக்க முடியும் சொல்லு."

உலையில போட்டா. ரெண்டு தட்டு வெச்சா. நான் ஒரு வாய் வெச்சுட்டுத் துப்பிட்டேன். அக்கா துப்பலை. சுவத்தைப் பார்த்துக்கிட்டு ஒவ்வொரு வாயா மென்னா. பல்லுல மணல் நறநறன்னு அரைபடுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. தட்டு காலியாகுற வரைக்கும் சாப்பிட்டுட்டு, கையைக் கழுவிக்கிட்டுப் போய் அந்த மூலையில உட்கார்ந்தா.