நேர்ச்சாலைக்கு ஒரு விண்ணப்பம்

"சோதனைக் கருவியைப் பொருத்துவதற்கு முன், வண்டியை ஓட்டுபவரிடம் பழுது எப்போது தொடங்கியது, அதற்குச் சற்று முன் வண்டியில் என்ன செய்யப்பட்டது என்று கேட்டறிய வேண்டும்." கையேட்டில் பிரேக் பகுதியின் முதல் விதி இது. மட்டாஞ்சேரியில் இருந்த எங்கள் பட்டறையில் இதை நிறைவேற்ற ஒரு சிறு இடைஞ்சல் இருந்தது. வண்டியை ஓட்டுபவர்கள் உள்ளே வரக்கூடாது என்று இன்னொரு விதி. ஏசி அறையின் சோபாக்கள் உரிமையாளர்களுக்கு. ஓட்டுநர்களுக்கு எதிர்ப்பக்கத்துச் சாயாக்கடை. உரிமையாளர்களோ வண்டியோடு வருவதில்லை. ஆகவே சோபாக்கள் கடைசிவரை புதிதாகவே இருந்தன.

நான் அங்கே நடைமுறை மேற்பார்வையாளன். பொறியியல் படித்தவன், போதாததற்கு மாலைக் கல்லூரியில் சட்டமும். இரண்டும் சேர்ந்தால் மனிதன் உரிய உத்தரவில்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றமாட்டான். அப்படித்தான் ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த மழைக்காலத்தில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. மிளகு, சுக்கு வியாபாரி ஒருவரின் மகன் வாங்கியது. தரைக்கும் வண்டிக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. பஜார் ரோட்டில் அதைவிட ஆழமான குழிகள் இருந்தன. ஸ்டியரிங்குக்கு எதிரேயுள்ள பலகையில் இரண்டு மஞ்சள் விளக்குகள் எரிந்தன. ஒன்று ஏபிஎஸ்: வேகத்தில் பிரேக் அடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. மற்றது, வளைவில் வண்டி சறுக்கினால் இழுத்துப் பிடித்து நேராக்கும் ஏற்பாடு. கைவண்டிக்குப் பின்னால் ஊர்ந்துபோகிற தெருவில் இவை இரண்டும் வேலை செய்யாததால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஆனால் விளக்கு எரிகிறதே என்று மகனுக்குக் கௌரவக் குறைச்சல்.

வண்டியைக் கவனித்த மெக்கானிக் பக்கத்துச் சுள்ளிக்கல்காரன். அவன் பாட்டனார் நகராட்சி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து மலையாளம்தான். மூன்றாவது முயற்சியில் ஷார்ஜாவில் ஒரு வேலை கிடைத்திருந்தது. மலையாள மிதுன மாதம், அதாவது நம் ஆனி, முடிவதற்குள் அங்கே போய் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் விசா வெறும் காகிதம். அதற்கு எங்கள் கம்பெனியின் அனுபவச் சான்றிதழ் வேண்டும். தீராத புகார் எவர் பெயரில் நிற்கிறதோ அவருக்குச் சான்றிதழ் கிடையாது என்பது கம்பெனி விதி. அவன் பெயரில் சிவப்பு வண்டி நின்றது. தெருக்காரர்கள் ஏற்கெனவே வழியனுப்பு விழா நடத்தி மாலையும் போட்டுவிட்டார்கள். அதன்பிறகும் அவன் தினமும் காலையில் அதே தெருவில் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தான்.

ஏபிஎஸ் விளக்கை அவன் சீக்கிரமே அணைத்தான். பின்சக்கரத்தின் உட்புறம் சணல் நார் சுற்றிக்கொண்டு, வேகத்தை அளக்கும் சென்சாரின் ஒயரை இழுத்துப் பிய்த்திருந்தது. மூட்டை கட்டும் சணல். இரண்டாவது விளக்குத்தான் அடம்பிடித்தது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வண்டிக்குத் தெரியவில்லை என்றது கருவி. கருவியால் அந்தப் பிழைக்குறிப்பை அழித்தால் வாசல் தாண்டும் முன் மறுபடி வந்தது. பிரேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றிவிடலாம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றார் மேலாளர். வர எவ்வளவு காலமாகும் என்று மெக்கானிக் கேட்டான். மேலாளர் கூரையைப் பார்த்தார்.

முதல் விதி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விதிகளுக்கு விரோதமாகச் சாலையைக் கடந்து சாயாக்கடைக்குப் போனேன். வண்டியின் ஓட்டுநர் கம்பம் பக்கத்துக்காரர், பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்.

"இந்த லைட் எப்போலேருந்து எரியுது?"

"இத்தனை நாளா உள்ள வச்சுப் பாத்தீங்களே, ஒருத்தராவது கேட்டீங்களாய்யா?"

"இப்போ கேக்கறேன்."

"வண்டிய குடோன்ல நிறுத்த ஆரம்பிச்சதுலேருந்து."

"குடோன்ல என்ன செய்வீங்க?"

"நான் என்ன செய்வேன்? சாயங்காலம் பேட்டரி ஒயரைக் கழட்டுவேன், காலைல மாட்டுவேன். பெரியவர் உத்தரவு. சாக்கும் சுக்கும் கிடக்கிற இடம், கரண்ட் உள்ள எதுவும் ராத்திரி இருக்கக்கூடாதாம்."

பேட்டரியைக் கழற்றினால் அந்த வண்டிக்கு நேர் என்பது எது என்றே மறந்துபோகும். கையேட்டில் இதற்கும் விதி உண்டு. மறுபடி மாட்டியபின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிறகு நேரான சாலையில், மிதமான வேகத்தில், நிற்காமல் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். வண்டி தானாகக் கற்றுக்கொள்ளும். அதை எழுதியவர் மட்டாஞ்சேரியைப் பார்த்ததில்லை. அன்றே முயன்றோம். பஜார் ரோட்டில் அரிசி லாரி குறுக்கே நின்று மூட்டை இறக்கியது. போர்ட் கொச்சியில் சீன மீன்வலைகளைப் பார்க்க வந்தவர்களின் ஆட்டோக்கள். இடக்கொச்சிச் சாலையைக் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். நேர்ச்சாலை பாலத்துக்கு அப்பால், துறைமுகத் தீவில் இருந்தது. விலையுயர்ந்த வண்டிகளைப் பட்டறை ஆட்கள் பாலம் தாண்டி ஓட்டிப் பார்க்கத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

விண்ணப்பம் அனுப்பினேன். பிறகு நினைவூட்டல், பிறகு நினைவூட்டலை நினைவூட்டும் கடிதம். மூன்றின் நகல்களும் ஒழுங்காகக் கோப்பில் சேர்ந்தன. பதில் மட்டும் சேரவில்லை. மெக்கானிக் மேலாளரிடம் போய் நின்றான். "அனுமதி வரட்டும், லைட் போகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று அவர் செய்தித்தாளைப் புரட்டினார். வெளியே வந்து என்னிடம் சொன்னான்:

"சாரே, வண்டிக்கு நேரே போகத் தெரியல, சரி. கம்பெனிக்குமா தெரியல?"

அந்தச் செய்தித்தாளில்தான் மறுநாள் ஹர்த்தால், முழுக் கடையடைப்பு, என்று போட்டிருந்தது.

மட்டாஞ்சேரியில் தடையற்ற நேர்ச்சாலை வருடத்தில் சில நாட்கள் கிடைக்கும். கட்சிகள் முறைவைத்து ஏற்பாடு செய்கின்றன. தவிர, ஹர்த்தாலன்று பட்டறை மூடியிருக்கும். மூடிய பட்டறைக்கு விதி ஏது? உரிமையாளர் தன் வண்டியைத் தன் ஓட்டுநரைக் கொண்டு ஓட்டுவதற்கு எந்தத் தலைமை அலுவலகமும் அனுமதி தர வேண்டியதில்லை. அன்று மாலையே மகனிடம் பேசிச் சம்மதம் வாங்கி, வண்டியைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பினேன்.

காலையில் கிடங்கில் ஓட்டுநர் பேட்டரியை மாட்டினார். மெக்கானிக் முன்னால் உட்கார்ந்தான். கணக்குக்காக வைத்திருந்த பின்னிருக்கையில் நான், முழங்கால்கள் மோவாயைத் தொட. திருப்பம் தாண்டியதும் கற்களும் பழைய டயர்களும் போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நிக்கட்டே, நிக்கட்டே! எங்கோட்டா?"

"ஆஸ்பத்திரிக்கு" என்றார் ஓட்டுநர். முதல் நாளே ஒத்திகை பார்த்திருந்தார்.

"ஆர்க்கா அசுகம்?"

ஓட்டுநர் கட்டைவிரலால் என்னைக் காட்டினார். நான் கிடந்த கிடப்பில் நம்பத்தான் செய்வார்கள். மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை.

"சேட்டா, பொய் சொல்லல. சுகமில்லாதது வண்டிக்குத்தான்" என்று விளக்கைக் காட்டினான். விசாவைச் சொன்னான், சான்றிதழைச் சொன்னான், மிதுனம் முடியப்போவதைச் சொன்னான்.

தலைவர்போல இருந்தவர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு விளக்கை உற்றுப் பார்த்தார். "ஈ லைட்டு கெட்டாலே நினக்கு கல்ஃபில் போகான் பற்றூ?" மலையாளத்தில் விளக்கு கெடுவது என்றால் அணைவது.

"அதே சேட்டா."

"என்டெ அனியனும் அவிடெயா" என்றவர், தம்பி இருக்கும் திசை அதுதான் என்பதுபோல் கடலைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கத்தினார்: "கல்லெடுத்து மாற்றடா! வழி கொடு!"

ஒரு கையில் கொடியும் மறு கையில் கல்லுமாக அவர்கள் சாலையைச் சுத்தம் செய்தார்கள். மாநகராட்சி அந்தச் சாலைக்கு அவ்வளவு செய்து நான் பார்த்ததில்லை.

ஓட்டுநர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிவிட்டுக் கிளம்பினார். பூட்டிய கடைகள் இருபுறமும் பின்னால் ஓடின. மெக்கானிக் சாலையைப் பார்க்கவில்லை, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாய் எழுந்து நின்று, யோசித்து, மறுபடி படுத்தது. விளக்கு அணைந்தது.

முதலில் வாய் திறந்தவர் ஓட்டுநர்தான். "மூணாவது கியர் எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான்யா பாத்தேன்."

திரும்பி வந்தபோது அவர்கள் சாலைநடுவே காத்திருந்தார்கள்.

"கெட்டோ?"

"கெட்டு சேட்டா!"

கைதட்டினார்கள். பிறகு கற்களைப் பழைய இடத்தில் கவனமாக வைத்தார்கள்.

அன்று மாலையே மகனின் அப்பாவான பெரியவரைப் பார்த்தேன். வண்டி வீட்டு வாசலில் நின்றால் பேட்டரியைக் கழற்ற வேண்டாம், கிடங்கில் அந்த இடத்தில் சுக்கு மூட்டை அடுக்கலாம் என்றேன். முதல் பாதி அவர் காதில் விழவில்லை. இரண்டாவது பாதிக்குச் சம்மதித்தார். வண்டி வாசலுக்குக் குடிபெயர்ந்தது. சில நாட்கள் விளக்கு எரியவில்லை என்று மகனிடம் எழுதி வாங்கிப் புகாரை முடித்தேன். மேலாளர் சான்றிதழில் கையெழுத்திட்டார், அனுமதி வராமல் விளக்கு எப்படிப் போயிற்று என்று கேட்கவில்லை. கேட்பதற்கு அவருடைய படிவத்தில் இடமில்லை.

மிதுனம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே மெக்கானிக் விமானம் ஏறினான். தெருக்காரர்கள் இரண்டாவது முறை மாலை போடவில்லை. போய் ஒரு மாதத்துக்குப் பிறகு பட்டறைக்குத் தொலைபேசினான். "இங்க ரோடெல்லாம் நேருதான் சாரே. நம்ம லைட்டு தன்னால கெட்டிருக்கும்."

அதற்கடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து உறை வந்தது. என் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டதாம். பாலம் தாண்டி ஓட்டிப் பார்க்க அனுமதி. ஆனால் வேலை நாளில் மட்டும், புகார் எவர் பெயரில் உள்ளதோ அந்த மெக்கானிக்கே ஓட்ட வேண்டும், வேறொருவரும் கூடாது. பெறப்பட்டது என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, நடைமுறைப்படி தேதியும் போட்டேன்: சிங்க மாதம் ஒன்றாம் தேதி, மலையாள வருடப் பிறப்பு.