அக்காவுக்காக அடித்த வரி

என் மேசை இழுப்பறையில் மடித்துவைத்த தாள் ஒன்று இருக்கிறது. கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு நான் எழுதியது. அதில் ஒரு வரி மட்டும் கோணல்மாணலாக அடிக்கப்பட்டிருக்கும்.

எல்லையில் சண்டை மூளப்போகிறது என்று டிவியில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த நாட்கள். போர் வேண்டும் என்ற அணியில் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். என்னைத் தூக்கி வளர்க்கவே அக்கா பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் நின்றுவிட்டாள். போட்டியின் முதல் சுற்றன்று அவளும் மேலூரிலிருந்து வந்து அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர், என் மச்சான், அப்போது ராணுவத்தில் எல்லைக் காவலில் இருந்தார். எனக்கு முன் பேசிய எதிரணிக்காரன், சிப்பாய்கள் சம்பளத்துக்குச் சுடுகிறவர்கள் என்றான். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆயிரம் தாலி அறுந்தாலும் பரவாயில்லை, அடி மண்ணைக்கூட விடமாட்டோம் என்று முழங்கினேன். கைதட்டல் அடங்கவே நேரமானது. அந்த ருசியில் மச்சானின் முகம் ஒரு கணம்கூட என் நினைவுக்கு வரவில்லை. இறுதிச் சுற்றுக்குத் தேர்வானேன்.

திரும்பும் பஸ்ஸில், ஒத்தக்கடை தாண்டியதும் அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவன் ஒங்க மச்சானக் கூலிக்குச் சுடுறவருங்கிறான். நீ செத்தாப் பரவாயில்லங்கிற. ஆயிரத்துல என்னோடதையும் சேத்துத்தானடி எண்ணுன?"

நாட்டுப்பற்று என்று நான் நினைத்திருந்தது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். கண்டக்டர் அண்ணனிடம் பேனா வாங்கி அந்த வரியை அடித்தேன்.

இறுதிச் சுற்றில் மச்சானைப் பற்றியே பேசினேன். லீவில் வந்தால், கோழி அறுக்கிற இடத்தில்கூட நிற்கமாட்டார். லீவு முடியும் அன்றோ ஒரு மணி நேரம் முன்பே பையோடு வாசலில் நிற்பார். இப்படிப்பட்ட ஒருவரைச் சண்டைக்கு அனுப்புமுன் நாடு நூறு தடவை யோசிக்க வேண்டும் என்றேன். பேச்சில் அனல் போதவில்லை என்றார் நடுவர். கோப்பை கைவிட்டுப் போனது. ஆறுதல் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது.

அன்றும் வந்திருந்த அக்கா, திரும்பும் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தாள். பக்கத்து சீட்டு அம்மாவிடம், "எந் தங்கச்சி வாங்குனது. எங்க வீட்டுக்காரரப் பத்திப் பேசி வாங்குனா," என்றாள். அதைவிடப் பெரிய கர்வம் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

மச்சான் ஓய்வுபெற்று இப்போது வயலைப் பார்த்துக்கொள்கிறார். நான் சமயநல்லூரில் ஆசிரியை. போன வாரம் ஒரு மாணவி, எதிரி நாட்டையே எரித்துவிடச் சொல்லும் பேச்சு ஒன்றை எழுதிவந்தாள். நான் திருத்தவில்லை, இழுப்பறையைத் திறந்து என் தாளைக் கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"இந்த வரிய மட்டும் ஏன் டீச்சர் இம்புட்டுக் கோணலா அடிச்சிருக்கீங்க?"

"பஸ்ஸு ஓடிக்கிட்டு இருந்துச்சு. எறங்குற வரைக்கும் பொறுக்க முடியல."