கம்பியில் படாமல்

பல்கலைக்கழகத்தில் அறிவியல் திருவிழா நடக்கப்போகிறது, யார் வேண்டுமானாலும் வரலாம், டிக்கெட் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எட்டாவது படிக்கிற என் மகளுக்கு அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் போக வேண்டும். அவளுக்காக முழு நாளும் லீவு சொன்னார். நான் பட்டுப்புடவைக் கடையில் பில் போடுகிறேன். முகூர்த்த மாசம் இல்லை என்பதால் என்னையும் விட்டார்கள்.

காலையில் புளிசாதம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். சேவூர் தாண்டுவதற்குள்ளேயே மகள் கேட்க ஆரம்பித்துவிட்டாள். மின்னல் எப்படி வருது, ரத்தம் ஏன் சிவப்பு. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெரிந்ததைச் சொல்லி, தெரியாததை "அங்க போய்க் கேட்டுக்கலாம்" என்று தள்ளிவைத்துக்கொண்டே வந்தார்.

உள்ளே போனால் திருவிழா என்ற பேர் பொருத்தமாகத்தான் இருந்தது. மரத்துக்கு மரம் பேனர். மைக்கில் காணாமல் போன ஒரு குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையில் ரோஜாப்பூவைப் புகை கக்கும் ஏதோ ஒன்றில் முக்கி எடுத்து அப்பளம் மாதிரி நொறுக்கிக் காட்டினார்கள். கறுப்புக் கண்ணாடி மாட்டிய தொலைநோக்கியில் சூரியனைப் பார்த்தோம். அதன் மேல் மச்சம் மாதிரி ஒரு புள்ளி இருந்தது. "நம்மூர்ல இந்தப் போடு போடுது, இங்க பார்த்தா எவ்ளோ சாதுவா கீது" என்றார் அவர். மகள் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அடுத்தது ஒரு விளையாட்டு. பலகையில் பாம்பு மாதிரி வளைத்து நிறுத்திய ஒரு கம்பி. அதைச் சுற்றி, கைப்பிடி வைத்த ஒரு வளையம். வளையம் கம்பியில் படாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டால் சிவப்பு பல்பு எரியும், பீப் என்று சத்தம் வரும். மகள் ஆடிப் பார்த்தாள். பாதி தூரத்தில் சத்தம் வந்துவிட்டது. அங்கே நின்றிருந்த மாணவியிடம், "எங்கப்பா ஆடுனா படவே படாது. குழந்தைங்களுக்குக் கூட ஒரே குத்துல ரத்தம் எடுப்பாரு" என்றாள்.

"அப்படியா! சார், வாங்க சார், நீங்க ஒரு ட்ரை குடுங்க."

"வேணாம்மா. அடுத்தவங்க ஆடட்டும்."

"அப்பா, போப்பா! ஒரே ஒரு வாட்டி!"

பக்கத்தில் இருந்தவர்களும் வழிவிட்டார்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை அப்போது புரியவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்து, "சும்மா போங்க" என்று நானும் சொன்னேன்.

கைப்பிடியைத் தூக்கியதுமே சத்தம் வந்தது. மாணவி முதலிலிருந்து வைக்கச் சொன்னாள். மறுபடியும் சத்தம். அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினார். பல்பு எரிந்து அணைந்து எரிந்தது. சத்தம் விட்டு விட்டு வந்து, கடைசியில் நிற்காமல் வந்தது. யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, விளையாட்டில் சிரிக்கிற சிரிப்புதான். "டென்ஷன் ஆவாதீங்க சார், இன்னொரு வாட்டி" என்றாள் மாணவி. அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. போதும் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அவரே நிறுத்தினார்.

வளையத்தை மெதுவாக வைத்துவிட்டு வந்தார். "கனெக்‌ஷன் ஏதோ லூசு போல கீது" என்றார் மகளிடம். அவள் தலையாட்டினாள். திரும்பி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நட்சத்திரம் காட்டுகிற கூடாரத்தில் பிள்ளைகளை மட்டும் உள்ளே விட்டார்கள். அவளை அனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

மறைக்கவில்லை. "ஆடி மாசத்துலேர்ந்து. மொதல்ல எப்பனா வரும். இப்ப ஊசிய கையில எடுத்தா வருது."

"லேப்ல தெரியுமா?"

"சின்னப் பசங்க, வயசானவங்க வந்தா கூட வேல செய்யுற பொண்ணுகிட்ட அனுப்பிடறேன். ஓனர் ஒண்ணும் கேக்கல. ஆனா பார்த்துகினுதான் கீறாரு."

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவே?"

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தேன், மறுபடி மூடினேன்.

அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டு, வரும்போது பார்த்திருந்த மூளை ஸ்டாலுக்குப் போனேன். கண்ணாடிக் குடுவையில் நிஜ மூளையும், மேசைமேல் பிளாஸ்டிக் மூளையும் இருந்தன. விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பையனிடம், "தம்பி, கை நடுங்கினா இதுல எந்த இடம்?" என்று கேட்டேன். அவன் உற்சாகமாகப் பிளாஸ்டிக் மூளையைக் கழற்றிப் பின்பக்கம் ஒரு பகுதியைக் காட்டினான். உள்ளே இன்னும் ஒன்றிரண்டு இடங்களைத் தொட்டான். "அத சரி பண்ண இன்னா பண்ணணும்?" என்றேன். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான். கையில் இருந்த துண்டைத் திரும்ப மாட்டத் தெரியாமல் தடுமாறினான்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. மேடத்தக் கூப்பிடறேன்."

வந்த பேராசிரியை என்னைத் தனியாக அழைத்து நிறுத்திப் பொறுமையாகக் கேட்டார். "நாங்க இங்க காட்டத்தாம்மா முடியும். நரம்பு டாக்டர்கிட்ட சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க" என்றார். என் தோளைத் தொட்டார். அதற்கு மேல் அவராலும் ஒன்றும் முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மகள் எதுவும் கேட்காமல் வந்தாள். அவர் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டதும் என் காதில், "அந்த மிஷின் ரிப்பேர் இல்லம்மா. அப்பாவுக்கு அப்புறம் ஆடுனவங்களுக்கெல்லாம் சரியாதான் இருந்துச்சு. நான்தான் அப்பாவக் கூப்பிட்டேன்" என்றாள். உன்மேல் தப்பு இல்லை என்றேன். அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. மறுபடி அதையே சொன்னேன்.

அடுத்த வாரமே வேலூருக்குப் போனோம். நரம்பு டாக்டர் அவரைக் கையை நீட்டச் சொன்னார், டம்ளரில் தண்ணீர் குடிக்கச் சொன்னார், காகிதத்தில் சுழி போடச் சொன்னார். சுழி ரம்பம் மாதிரி வந்தது. "பயப்படாதீங்க. இது சில பேருக்கு வர்ற நடுக்கம்தான். உயிருக்கு ஒண்ணும் ஆகாது. மாத்திரையில கொஞ்சம் கொறையும், முழுசா போவாது" என்றார்.

"வேலைக்கு சார்?" என்று இவர் கேட்டார்.

என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். சொன்னதும் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

மாத்திரை போட்டால் அசதி. அசதியில் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது போலத் தெரியும், பிறகு பழையபடி வரும். லேபில் இவரை வெளியே அனுப்பவில்லை. ரிப்போர்ட் கொடுக்கிற கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருநாள் சாப்பாடு கொடுக்கப் போனபோது, தேவிகாபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நேராக இவரிடம் வந்து நின்றார். "அந்தப் பொண்ணு நல்லா எடுக்கும்ங்க, உள்ள போங்க" என்றார் இவர். "எனக்கு உன் கைதான்பா சரி" என்று பெரியவர் நகரவே இல்லை. ரெண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நான் டிபன் கேரியரோடு நின்றேன்.

கடையில் யாராவது வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால், நல்லா இருக்கார் என்கிறேன். நடக்கிறார், சாப்பிடுகிறார், மகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறார். பொய் இல்லை.

காலையில்தான் பேஜார். சட்டைப் பொத்தானைப் போட அவருக்கு வெகுநேரம் ஆகிறது. ஒன்று மாட்டும், அடுத்தது நழுவும். நான் சமையலறையில் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு கூடத்துக் கண்ணாடிக்கு எதிரே நிற்கிற அவர் முதுகையே பார்க்கிறேன். போய்ப் போட்டுவிட்டால் அவர் மனசு நொந்துவிடுமோ என்று இருக்கிறது. போகாமல் நின்றால் தோசை கருகுகிறது. மகள் ஷூ மாட்டுகிற சாக்கில் குனிந்தே இருக்கிறாள். மூன்று பேரும் ஜல்தியாகக் கிளம்ப வேண்டிய நேரம் அது.