எல்லாப் பட்டத்துக்கும் ஒரே கவுன்

போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவனைப் பொறுத்தவரை பி.ஏ., பி.காம்., எம்.எஸ்ஸி. எல்லாம் ஒன்றுதான், கவுன் தோளில் நிற்கிறதா, குல்லா நெற்றியை மறைக்கிறதா என்பதுதான் எங்கள் கவலை. பத்தாவதோடு நின்றுபோன நான், செம்பூரில் கடை போட்ட நாளிலிருந்து பட்டதாரிகளை நிற்க வைத்து, "நிமிர்ந்து நில்லுங்க, சிரிங்க" என்று அதட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் என் மகள் அனிதா பன்னிரண்டாவது முடித்தாள். காலேஜ் வேண்டாம், கல்யாண வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டு கடையிலேயே இருக்கிறேன், ஃபீஸ் கட்டுகிற பணத்தில் நல்ல கேமராவாக ஒன்று வாங்குங்கள் என்றாள். என் மனைவி புஷ்பத்துக்கோ, எங்கள் இரண்டு குடும்பத்திலும் முதல் டிகிரி அவள்தான் வாங்க வேண்டும். கையிலிருந்த பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும். அட்மிஷன் முடிவதற்குள் நான் தீர்ப்பு சொல்லியாக வேண்டும். வீட்டில் பிள்ளைக்கு ரிசல்ட் வந்து, அம்மா பேசினால் அம்மாவுக்கும் பிள்ளை பேசினால் பிள்ளைக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கும் சக தகப்பன்மார்களே, அந்தச் சில வாரங்களில் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். குழப்பம் கூடினால் நான் பொறுப்பில்லை.

மாதுங்கா மாமாவின் கண்

இப்போது பல பிள்ளைகளுக்குப் பட்டம் ஆபீஸ் ஜன்னல் வழியாகவே கைக்கு வந்துவிடுகிறது. கவுன் போட்டு மேடை ஏறாத குறையைத் தீர்க்க எங்களிடம் வருகிறார்கள். கடையில் ஒரு கறுப்பு கவுன், அட்டையில் செய்த ஒரு குல்லா, சிவப்பு ரிப்பன் கட்டிய பழைய காலண்டர் ஒன்று இருக்கும். காலண்டர்தான் கையில் பிடிக்கும் பட்டம். கவுனைத் தாராவியில் தையல் கடை வைத்திருக்கும் என் மச்சான் தைத்துக் கொடுத்தான்.

மாதுங்காவிலிருந்து ரிட்டையர் ஆன மாமா ஒருவர் தன் இஞ்ஜினீயர் மகனைக் கூட்டி வந்தார். படம் எடுத்து முடித்ததும் கவுனைத் தடவிப் பார்த்து, "ஏம்ப்பா, இது கோர்ட்ல வக்கீல் போட்டுக்கற கவுன்னா?" என்றார். மச்சானுக்குப் போன் போட்டேன். அப்போது ரிப்பேருக்கு வந்திருந்த வக்கீல் கவுன் ஒன்றைப் பார்த்துத்தான் வெட்டினேன் என்று கூச்சமே இல்லாமல் சொன்னான். இத்தனை வருஷமாக என்னிடம் வந்த அத்தனை பேரையும் வக்கீல் ஆக்கியிருக்கிறேன். வேறு கவுன் தைத்து, சும்மாவே எடுத்துத் தருகிறேன் என்று தடுமாறினேன். மாமா மகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பரவாயில்லப்பா. இஞ்ஜினீயரிங் படிச்சுட்டு இவன் போன்ல கிரெடிட் கார்டு விக்கறான். எந்தக் கவுன் போட்டா என்ன?"

உள்ளே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த அனிதா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

முருகேசன் அண்ணாச்சியின் முன்ஜாக்கிரதை

தேவ்நார் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முருகேசன் அண்ணாச்சி, போன வருஷம் மகனின் பட்டத்தை லேமினேஷன் செய்யக் கொண்டுவந்தார். ஒரிஜினலை ஒட்ட வேண்டாம், ஜெராக்ஸை ஒட்டிக்கொள்ளலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "மழைக்கு எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரும்டே, ஒட்டு" என்றார். ஒட்டினேன்.

இந்த வருஷம் அதே பட்டத்தோடு வந்து நின்றார். மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்திருந்தது. அதற்குப் பட்டத்தின் பின்பக்கம் அரசாங்க சீல் குத்த வேண்டுமாம், பிளாஸ்டிக் மேல் குத்த மாட்டார்களாம். பிரித்துக் கொடு என்றார். பிரித்தால் படிப்பும் சேர்ந்து உரிந்து வரும் என்றேன். புதுப் பட்டத்துக்கு எழுதிப் போட வேண்டும், அதற்குக் கட்டணம், ஏஜென்ட், அலைச்சல். அண்ணாச்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "பயலப் படிக்க வச்ச செலவ விட, அவன் படிச்சான்னு காட்டுற செலவு பெருசா இருக்கும் போலயே."

டி-ஷர்ட் தெரியக் கூடாது

சாப்பாடு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் முதுகில் பெட்டியோடு வந்தான். எம்.காம். முடித்திருக்கிறானாம், ஊரில் பெண் பார்க்கிறார்கள், கவுன் போட்டு ஒரு படம் வேண்டும். கம்பெனி டி-ஷர்ட் காலர் வெளியே தெரியாமல் ஊக்குக் குத்திவிட்டேன். சிரிக்கச் சொன்னால் போன் அடிக்கும், "பாஞ்ச் மினிட், மேடம்" என்று ஐந்து நிமிஷம் தவணை கேட்பான், மறுபடி சிரிப்பான்.

புஷ்பம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நேரம் அது. படிப்புக்காகப் பரிந்து பேச ஆள் கிடைத்தது என்று, "தம்பி, படிச்சது வேலைக்கு ஒதவுதா?" என்று ஆசையாகக் கேட்டாள். அவன் குல்லாவைக் கழற்றினான். "ஒதவுதுக்கா. கஸ்டமர் இங்கிலீஷ்ல திட்டுனா, கூட ஓட்டுற பசங்களுக்குப் பாதிதான் புரியும். எனக்கு முழுசாப் புரியும்."

அன்றைக்கு புஷ்பம் டிபன் கேரியரை வைத்த சத்தம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

டிவிக்கு என்ன லாபம்

டிராம்பேயிலிருந்து பஸ் பிடித்து ஓர் அம்மா வந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் ஆயா வேலை. தபால் வழியில் பி.ஏ. முடித்திருக்கிறார். கணவரும் கல்யாணமான மகளும் கூட வந்திருந்தார்கள். கணவர் தன் சீப்பை எடுத்து அந்த அம்மாவின் முன்முடியைச் சரிசெய்தார். படம் எடுக்கும்போது எல்லோரும் பல்லைக் காட்டுவார்கள். அந்த அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு நின்றார். என் வீட்டுப் பஞ்சாயத்து மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. இந்த வயசில் இதனால் என்னம்மா லாபம் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஏன் தம்பி, நீங்க டிவி வாங்குனப்போ என்ன லாபம்னு கேட்டா வாங்குனீங்க?"

லைட் டெஸ்ட்

அட்மிஷன் முடிய இரண்டு நாள் இருந்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு லைட் வாங்கியிருந்தேன். கறுப்புத் துணியில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க அனிதாவுக்குக் கவுனை மாட்டி, காலண்டரைக் கையில் கொடுத்து நிற்க வைத்தேன். ஏதோ சொல்லிச் சிரித்தாள், கிளிக் செய்தேன். உண்மையைச் சொன்னால், அதுவரை நான் கேமரா கட்சி. படத்தைத் திரையில் பார்த்த நிமிஷம் கட்சி மாறிவிட்டேன். வெளியே சொல்லத்தான் தைரியம் இல்லை.

மத்தியானம் வந்த புஷ்பம் திரையிலிருந்த படத்தைத் தன் போனில் பிடித்து, "எங்க அனிதா" என்று மட்டும் எழுதிக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். ஊரில் யாருக்கும் அனிதாவின் வயசு சரியாகத் தெரியாது. டிகிரி வாங்கிவிட்டாள் என்று சாயங்காலத்துக்குள் வாழ்த்து குவிந்துவிட்டது. திருநெல்வேலியில் என் அக்கா தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்துவிட்டாளாம். தெரிந்தே செய்தாயா என்று புஷ்பத்திடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. அவள் கடை வாசலில் நின்று அறிவித்தாள்: "ஊர்ல பெரிய மச்சான் எந்த காலேஜுன்னு கேக்காவ. படம் எடுத்தாச்சு, ஜாங்கிரியும் தின்னாச்சு. இனிமே படிச்சுத்தான் தீரணும்."

அனிதா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் காலேஜ், மத்தியானம் கடை, எடிட்டிங்கை யாரும் தடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டாள். நானும் புஷ்பமும் சண்டை போட்டதே மறந்து ஒன்றாகத் தலையாட்டினோம். எழுந்து போகும்போது திரும்பினாள்.

"ஓகே, பி.காம். போறேன். லேகின் நீங்க எனக்கு மாட்டிவிட்டது வக்கீல் கவுன்பா. அதுக்கும் சேத்துப் படின்னா, ஃபீஸ் ஜாங்கிரி குடுத்த அத்தைகிட்ட வாங்கிக்கோங்க."

ஆக, என் கடையில் இன்றைக்கும் பழைய கேமராதான் ஓடுகிறது, அது எடுத்ததிலேயே அதிகம் செலவு வைத்த படம் அந்த லைட் டெஸ்ட்தான்.