எழுபத்திரண்டு கிலோவுக்கு அளவெடுத்த நாற்காலி

எங்கள் லிஃப்ட் தொழிற்சாலையின் கட்டுப்பாட்டுப் பிரிவில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம். எதைச் சொன்னாலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் கேட்பாள். பக்கத்து மேசை என்னுடையது. பத்து வருடமாக அவளோடு மல்லுக்கட்டியவள் நான்.

அவள் அப்பாவுக்குக் கால் இரண்டும் விழுந்துவிட்டபோது மின்சார நாற்காலி ஒன்றை வாங்கி, ஒரு மாதம் அதையே கட்டி அழுதாள். சக்கரம் சுற்றும் வேகத்தை அளந்து, கேட்ட வேகத்துக்கு அது வந்ததா என்று பார்த்துப் பார்த்துத் திருத்துகிற சாதாரணப் பின்னூட்டம்தான். ஆனால் எவ்வளவு திருத்த வேண்டும் என்பதை அப்பாவின் எழுபத்திரண்டு கிலோவுக்கென்றே தீட்டிவைத்தாள். வாசல் சரிவில் இறங்கினால்கூட அவர் கையிலிருக்கும் டீ தளும்பாது.

நான் சும்மா இருப்பேனா? "அடியே, ஆளோட எடை எப்பவும் இப்படியேவா இருக்கும்? நாற்பது கிலோலேருந்து நூறு கிலோ வரைக்கும் எது உட்கார்ந்தாலும் தாங்குற மாதிரி வை. கொஞ்சம் மந்தமாப் போகும், போகட்டுமே!"

"அது ஊருக்கெல்லாம் ஒரே சட்டை தைக்கிற வேலைக்கா. எங்கப்பாவுக்குப் போய் அப்படிச் செய்வேனா?"

போடி என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மோட்டார் இழுக்கிற சுமை அவள் கைபேசிக்கு வரும். அதிலிருந்து எடையைக் கணக்குப் போட்டுத் திங்கட்கிழமைதோறும் பீற்றிக்கொள்வாள்: "எழுபத்திரண்டு புள்ளி ஒண்ணு. அப்பா கல்லு மாதிரி இருக்கார்." தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறார் என்று ஒருநாள் சொன்னாள். எடைதான் சரியாக இருக்கிறதே என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு இளைப்பு தெரிவதில்லை. நானும் தலையாட்டினேன், பாவி.

நாற்காலி வந்த ஏழாம் மாதம் அவர் அதிலேயே மயங்கிச் சரிந்தார். மருத்துவமனைத் தராசு ஐம்பத்துநாலு காட்டியது. தராசு கெட்டுப்போச்சு என்று நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டாள். வயிற்றில் கட்டி, பரவிவிட்டது, நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம், எடைக் கணக்கு எங்கே தப்பியது என்று நாற்காலியைப் பார்க்க அவளோடு நானும் வீட்டுக்குப் போனேன். இருக்கைக்கு அடியில் இருந்த சாமான் பெட்டியைத் திறந்தால், துண்டில் சுற்றிய ஆறு செங்கல், ஒவ்வொன்றும் மூன்று கிலோ. உடம்பு இளைக்க இளைக்க அந்தத் திருத்தம் அளவுக்கு மீறிப்போய், நாற்காலி வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. குலுங்கும்போதெல்லாம் மனுஷன் ஒரு செங்கலைச் சேர்த்திருக்கிறார். கொல்லையில் மீந்து கிடந்தவற்றைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் எடுத்துக் கொடுத்தாராம். எதற்கு என்று அவரும் கேட்கவில்லையாம்.

"ஏம்பா சொல்லல?" மருத்துவமனைக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"எனக்காகப் பார்த்துப் பார்த்துச் செஞ்சியேம்மா. குலுங்குதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"



வீட்டுக்கே கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, நாங்கள் இருவரும் நாற்காலியைப் புதிதாகச் சரிசெய்ய உட்கார்ந்தோம். இந்த முறை நான் சொன்ன விதம்தான்: எடை எவ்வளவு மாறினாலும் குலுங்கக் கூடாது. கீழ் எல்லையை மட்டும் அவளிடம் கேட்க வேண்டியிருந்தது.

"நாற்பது போதுமாடி?"

காலியாயிருந்த இருக்கையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"முப்பது போடுங்கக்கா."

வாய்விட்டு அழுதுகொண்டேதான் போட்டேன்.