சொல்லாமல் போன வீடு

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. பஸ் ஓடாததால் சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்தேன். வழித்துணையாகச் சேர்ந்தவருக்கு நரைத்த தாடி, முதுகில் வெளுத்துப்போன பை. நேபாளம், தாய்லாந்து, மலேசியா என்று பல வருஷம், கிடைத்த லாரியில் ஏறி, ஓட்டலில் பாத்திரம் கழுவிச் சாப்பிட்டு, கோயில்களில் படுத்துச் சுற்றியவராம்.

தண்ணீர் கொடுத்த வீடுகளிலெல்லாம் நின்று, "போய்ட்டு வரேங்க" என்றார். வெளிநாட்டிலும் தமிழிலேயே அப்படிச் சொல்லித்தான் கிளம்புவாராம்.

"எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லல. சண்ட போட்டுக்கினு கிளம்பிட்டேன்."

"இவ்ளோ ஊர் சுத்தி இன்னா கத்துக்கினீங்க?"

"கோவம் கம்மியாயிடுச்சுங்க. அத அம்மாகிட்ட காட்டத்தான் வந்துக்கினு இருக்கேன்."

வழியில் சாலை பிரியும் கூட்ரோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் அவர் ஊர். சாப்பிட்டுப் போகலாம் என்று என்னையும் அழைத்துப் போனார். கதவைத் திறந்த தங்கை அவரைப் பார்த்ததும் அழுதாள்.

"போன தையில அம்மா போயிடுச்சுண்ணா. உனுக்கு எந்த ஊருக்குன்னு சொல்லி அனுப்பறது?"

மாலை போட்ட படத்தின் முன் பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்துவிட்டார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் பேசாமல் எழுந்து வாசலுக்கு வந்தேன். பின்னாலேயே வந்தார்.

"இந்த வூட்ல ரெண்டு பேரு சொல்லாம போயிட்டோம். நீங்களாவது சொல்லிட்டுப் போங்க."

சொன்னேன். அதை அவர் என் வாயால் கேட்க நினைத்தாரா, அம்மா வாயாலா என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.